ஒலிவங்காய்க்குத் தண்ணீர் மாற்றியவர்

வீட்டில் பேய் இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லி மன்றாடிய ஒரே கத்தோலிக்கப் பெண் மெல்பேணில் நானாகத்தான் இருப்பேன். சிரிக்க வேண்டாம். அந்த இலையுதிர் காலத்தில் எனக்கு முன்னால் இரண்டே இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, இந்த வீட்டில் இறந்துபோன கிரேக்கக் கிழவர் விடியற்காலையில் எங்கள் பின்வளவில் நடமாடுகிறார். இல்லாவிட்டால், என் கணவருக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது. நான் இரண்டு கையையும் தூக்கிக் கிழவரின் பக்கம் நின்றேன்.

கிளேட்டனில் இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோதே ஆட்கள் முகம் சுளித்தார்கள். "மனிசன் கிடந்து செத்த அறையோ? ஐயோ, பாதரைக் கூப்பிட்டு மந்திரிச்சனீங்களோ?" என்று ஒருத்தி தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேட்டாள். ஆள் சாகாத வீடு எங்கே இருக்கிறது, நீ இருக்கிற வீட்டில் நாளைக்கு நீ சாகமாட்டாயா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் அதற்குப் பிறகு வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

கிழவர் விட்டுப்போனது ஒரு ஷெட்டும் அதற்குப் பக்கத்தில் ஒரு ஒலிவ மரமும். ஒலிவ மலை, ஒலிவக்கிளை என்று சின்ன வயதிலிருந்து கோவிலில் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படியென்றால் பழம் எவ்வளவு ருசியாக இருக்க வேண்டும்? முதல் வருடம் மரத்தில் ஒன்றைப் பிடுங்கி நறுக்கென்று கடித்தேன். அன்றைக்கு முழுதும் நாக்கு என்னுடையதாக இல்லை. வேப்பெண்ணெய் பரவாயில்லை. அந்த வருடக் காய் முழுவதும் உதிர்ந்து சீமெந்துத் தரையைக் கறுப்பாக்கியது. மரத்தை வெட்டுவோம் என்றேன். இவர்தான் வேண்டாம் என்றார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் இந்த நகரத்தில் ரயில் ஓட்டியவர். ஒரு நிமிடம் பிந்தினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கதை குறைவு. பொய் சொல்ல வராது. சொல்ல முயன்றால் காது சிவந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பால் போத்தலைச் சட்டி பானை வைக்கிற அலுமாரியில் கண்டெடுத்தேன். பிறகு ஒரு நாள், பதினைந்து வருடமாகப் போய்வருகிற கோவிலுக்குப் போகும் வழியில் காரை ஓரம் கட்டிவிட்டு, "இனி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே இடது பக்கம் என்றேன். விருந்து வீடுகளில் அவர் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினால், மற்றவர்கள் கவனிப்பதற்குள் அந்தச் சொல்லை நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு நான் வாயாடி, புருசனைக் கதைக்க விடாதவள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

மகள் சிட்னியில், டூங்கபியில் இருக்கிறாள். தொலைபேசியில் பிடித்துக்கொள்வாள்.

"அம்மா, அப்பா நேற்று ஒரே கதையை என்னட்ட மூண்டு தரம் சொன்னவர். ஜீபி டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. மெமறி டெஸ்ட் எண்டு ஒண்டு இருக்குது."

"உன்ர அப்பாவுக்கு ஒண்டுமில்லை. காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்."

"அம்மா, ப்ளீஸ்! யூ வேர்க் இன் ஏஜ்ட் கெயார்!"

அதுதானே விசயம். முதியோர் இல்லத்தில், கதவுக்கு எப்போதும் பூட்டுப் போட்டிருக்கிற பகுதியில், பன்னிரண்டு வருடமாகப் பின்னேர வேலை செய்கிறேன். மறதிக்காரர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைக்கிறவள் நான். புதிதாக ஒருவர் வாசலுக்குள் வரும்போதே, எத்தனை மாதத்தில் தன் பிள்ளையின் முகம் அவருக்கு மறக்கும் என்று என்னால் சொல்ல முடியும். அப்படிப்பட்ட ஒரு கண் எனக்கு இருந்தது. வேலை முடிந்து காரில் ஏறும்போது அந்தக் கண்ணை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் வருடம் காய் குலுங்கியது. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற கிரேக்க அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, போன வருடம் போல இந்த வருடமும் கொட்ட விட்டால் தன் நெஞ்சு வெடித்துவிடும் என்றார். அவருடைய இங்கிலிசும் என்னுடைய இங்கிலிசும் ஒன்றுக்கொன்று மோசம். ஆனாலும் ஊறுகாய்க் கதை விளங்குவதற்கு எவ்வளவு இங்கிலிஸ் வேண்டும்? பச்சை மாறி ஊதா ஏறும்போது பிடுங்க வேண்டும். ஒவ்வொரு காயிலும் கத்தியால் மூன்று கீறு. வாளித் தண்ணீரில் போட்டுப் பத்து நாள், ஒவ்வொரு காலையும் தண்ணீரை மாற்ற வேண்டும். கைப்பு அந்தத் தண்ணீரோடுதான் போகும். ஒரு நாள் விட்டாலும் காய் புளித்து மெத்தென்று போய்விடும். பத்தாம் நாளுக்குப் பிறகுதான் உப்புத் தண்ணீர். அதில் பச்சை முட்டை மிதந்தால் உப்புப் போதும்.

மரத்துக்குக் கீழே பழைய போர்வைகளை விரித்தோம். இவர் ஏணியில் ஏறி, பேரப்பிள்ளை கடற்கரையில் மண் வாருகிற பிளாஸ்டிக் வாரியால் கிளைகளைச் சீவினார். காய்கள் மழை மாதிரிக் கொட்டின. பிறகு குசினி மேசையில் எதிரெதிரே இருந்து கீறினோம். என்னுடைய கீறல்கள் நாய் கடித்தது போல இருந்தன. அவருடையவை அளந்து வைத்த மாதிரி, மூன்றும் ஒரே இடைவெளி. இரண்டு பேருடைய விரல் ரேகைகளிலும் கறுப்பு ஏறி, சவர்க்காரத்துக்கும் போகவில்லை. அன்றைக்கு அவர் ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று மகளுக்கு மனதுக்குள் சொன்னேன்.

இரண்டு வாளிகளை ஷெட்டுக்குள் வைத்தோம். "தண்ணி மாத்திறது என்ர வேலை, நீங்கள் தொடவேண்டாம்" என்று இவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். முந்தின கிழமைதான் உடுப்புத் தோய்க்கிற அறைக் குழாயைத் திறந்தபடி விட்டு வீடெல்லாம் வெள்ளம். "ஓம்" என்றார்.

முதல் இரண்டு காலையும் நான்தான் மாற்றினேன். சாயத் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் எட்டு மணிக்குப் போய் மூடியைத் திறந்தால் தண்ணீர் பளிங்கு மாதிரிக் கிடந்தது. எலுமிச்சை மரத்தடியில் மண் கறுத்து நனைந்திருந்தது, மேலே நுரைகூட அடங்கவில்லை. வாளியின் கைபிடி ஈரம். தோட்டக் குழாய் வட்டமாகச் சுருட்டப்பட்டு அதன் வாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் வேலையை முடித்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியேறிய மாதிரி. ஷெட்டுக்குள் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

குசினியில் இவர் பாண் கடித்துக்கொண்டு பேப்பர் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, வாளியில தண்ணி மாத்தினனீங்களோ?"

"இல்லையே. நீர்தானே தொடவேண்டாம் எண்டு சொன்னனீர்."

காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை.

நாலாம் நாளும் தண்ணீர் மாறியிருந்தது. அதோடு இன்னொன்று. இரண்டு வாளிகளிலும் காய்களுக்கு மேல் ஒவ்வொரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, ஒரு கோப்பையின் மேல் வழவழப்பான கறுப்புக் கல், மற்றதின் மேல் அரைச் செங்கல். ஒரு காயும் மிதக்கவில்லை. செங்கல் வேலியோரம் கிடப்பது. அந்தக் கறுப்புக் கல்லை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. கையில் எடுத்தேன்; குளிர் எலும்புக்குள் போனது. கழுவித் துடைத்து வைத்த கல்.

வேலிக்கு மேலால் அன்ரியிடம் காட்டினேன். அவர் பார்த்தார். வலது தோளில் தொடங்கி இடது தோளுக்குப் போகிற அவர்களுடைய சிலுவையை மூன்று தரம் போட்டார்.

"அது அவருடைய கல்" என்றார். "ஊர்க் கடற்கரையிலிருந்து சப்பாத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்தவர். நாற்பது வருடம் ஒலிவுக்கு அதைத்தான் வைத்தவர். விடிகிற நேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் எனக்கு என் படுக்கையில் கேட்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்போதும் கேட்கிறது. இரண்டு நாளாக. நான் கனவு என்று நினைத்தேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதே நேரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, வயிற்றுக்குள் ஏதோ பால் வார்த்த மாதிரி இருந்தது. பேய்! அப்பாடா, பேய்தான்! அன்றைக்கு வேலையில் கிழவிகளுக்குப் பாட்டெல்லாம் பாடிக் காட்டினேன்.

ஆனால் நானும் சும்மா நம்புகிற ஆள் இல்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகுமுன் ஷெட் தரையில் வறுத்த அரிசிமாவைத் தூவிவிட்டுப் போனேன். மனிதன் என்றால் கால் தடம் விழும், பேய் என்றால் விழாது. காலையில் போய்ப் பார்த்தால் தடமும் இல்லை, மாவும் இல்லை. தரை கூட்டித் துப்புரவாக்கப்பட்டிருந்தது. தும்புத்தடி மூலையில் நேராகச் சாத்தியிருந்தது. குப்பைத் தொட்டிக்குள் என்னுடைய மா ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தது. இரண்டு வாளியிலும் தெளிந்த தண்ணீர். வாசலில் நின்றபடி, "ஆர்? ஆர் அது?" என்று கத்தினேன், தமிழில். ஒலிவ மரத்தில் இருந்த காகம் ஒன்றுதான் எழும்பிப் பறந்தது.

பேய் கூட்டித் துடைக்குமா என்று யாரும் கேட்கலாம். நான் கேட்கவில்லை. நல்ல துப்புரவான மனிசன், செத்தும் பழக்கம் விடவில்லை என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பூசை முடிந்ததும் பாதரைக் கையோடு கூட்டிவந்தேன். அன்ரி சின்னப் பித்தளைத் தூபக்காலில் சாம்பிராணியும் காய்ந்த ஒலிவ இலையும் போட்டுப் புகைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் கண்ணூறுக்கு அப்படித்தான் செய்வார்களாம். நான் ஒரு கை உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து வாளிகளைச் சுற்றிக் கழித்து அன்ரியின் தூபக்காலில் போட்டேன். பாதர் அதைக் காணாதவர் மாதிரி மறுபக்கம் திரும்பித் தீர்த்தம் தெளித்தார். இரண்டு ஊர்ப் புகையில் எல்லோரும் இருமினோம். இவர் ஷெட் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, முகம் வெளிறி நின்றார். பேய் பிசாசுக்குப் பயப்படுகிற மனிசன் இல்லை. அது எனக்கு உறுத்தியது. போகும்போது பாதர், "வீட்டில எல்லாரும் சுகம்தானே?" என்று கேட்டார். "ஓம் பாதர், ஒரு குறையும் இல்லை" என்று கேள்வி முடியுமுன் நான் பதில் சொன்னேன்.

எட்டாம் நாள் மகளுக்குச் சொன்னேன். வீட்டில் பேய், கிரேக்கப் பேய், வேலைகாரப் பேய். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அம்மா, அந்த நேரம் அப்பா எங்க?"

"எங்க? கட்டிலில. நித்திரை."

"ஆர் யூ ஷுவர்? நீங்கள் முழிச்சிருந்து பாத்தனீங்களோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்!" என்று கத்திப் போனை வைத்தேன். இரவில், வேலை முடிந்து வந்து நான் அடித்துப் போட்ட மாதிரி நித்திரை கொள்கிறவள். பக்கத்தில் யார் எழும்புகிறார், யார் படுக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் அன்ரிக்கு ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுபோனேன். உண்மையில் போனது பேய்க்கு இன்னும் கொஞ்சம் சாட்சி தேடித்தான். கல்லைப் பற்றித் தொடங்கினேன். பாருங்கள் அன்ரி, கல் வைக்க வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை. அந்தக் கல் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. வேறு யார் வைத்திருக்க முடியும்?

அன்ரி ரோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"உன் புருசனுக்குச் சொன்னேன்" என்றார். "நீ வேலைக்குப் போன பின்னேரம் வேலிக்கு வந்து கேட்டார், காய் மிதக்கிறது, என்ன செய்வது என்று. கோப்பை வை, மேலே பாரம் வை, அவருடைய கல் ஷெட் மேசைக்குக் கீழே கிடக்கும் என்றேன். நன்றி சொல்லிப் போனார். கொஞ்ச நேரத்தால் திரும்பி வந்து அதையே கேட்டார். பிறகும் வந்தார். மூன்று தரம். ஒவ்வொரு தரமும் முதல் தரம் கேட்கிற மாதிரி."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலிக்கு ஓடிவந்தபோது என் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தவர் அவர். அந்த முகத்துக்கு யாரால் சொல்ல முடியும்?

பத்தாம் நாள் மணிக்கூட்டு அலாரத்தை என் தலையணைக்குக் கீழே வைத்து, அடித்தவுடன் நிறுத்தி, குசினியில் யன்னலோரக் கதிரையில் போய் இருந்தேன். விளக்குப் போடவில்லை. வெளியே வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது, பின்வளவில் பனிப்புகார் புல்லோடு படிந்து கிடந்தது. பேயாக இருக்கட்டும், மாதாவே, கிழவரே வரட்டும், நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறேன். அப்படித்தான் மன்றாடினேன்.

அறைக் கதவு திறந்தது. இவர் வந்தார். இடுப்பில் சாரம், மேலே சாம்பல் நிற சுவெற்றர், வெறுங்கால். நான் இருந்த கதிரைக்கு ஒரு முழத் தூரத்தால் நடந்து போனார். என்னைக் காணவில்லை. பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தார். ஷெட் வாசலில் நின்று, ரயிலை எடுக்குமுன் பார்ப்பது போல, வலமும் இடமும் ஒரு தரம் பார்த்தார்.

பிறகு நான் கண்டதை எந்தப் பேயும் எனக்குக் காட்டியிருக்க முடியாது. ஒரு அசைவு கூடுதல் இல்லை, ஒரு அசைவு குறைவு இல்லை. கல்லை எடுத்துக் கழுவி ஓரமாக வைத்தார். வாளியைத் தூக்கி எலுமிச்சை மரத்தடிக்குக் கொண்டுபோய், ஒரு கையால் காய்களைத் தடுத்துக்கொண்டு தண்ணீரைச் சாய்த்தார். நிரப்பினார். அலசினார். திரும்பவும் நிரப்பினார். கோப்பை, கல், மூடி. முகத்தில் ஒன்றுமே இல்லை. ஐம்பது வருடம் இந்த வேலையே செய்த ஒருவர் போல, புகாருக்குள் போவதும் வருவதுமாக, அந்த மனிசன் எனக்கு முன்பின் தெரியாதவராக இருந்தார். முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவருக்குப் பயந்தேன்.

உள்ளே வந்தபோது, "இஞ்சாருங்கோ" என்றேன். நின்று என்னைப் பார்த்தார். பிளாட்பாரத்தில் நிற்கிற யாரோ ஒரு பயணியைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் எனக்குச் சம்பளத்தோடு கிடைக்கிற பார்வை. பிறகு அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

எட்டு மணிக்கு முகம் கழுவி, தலை இழுத்து, எப்போதும் போல வந்தார். பேப்பரை எடுக்கவில்லை. குசினிக் கதவைச் சாத்திவிட்டு எனக்கு எதிரே இருந்தார்.

"உமக்கு ஒரு விசயம் சொல்லோணும். பயப்பிடாதையும்."

"சொல்லுங்கோ."

"நீர் சொல்லிறது சரிதான். இந்த வீட்டில ஏதோ ஒண்டு இருக்குது. அது வாளியோட நிக்கேல்ல, என்னிலயும் தொட்டிட்டுது." குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு நாளும் எழும்பேக்க என்ர கை ரெண்டும் குளிர்ந்து கிடக்குது. சுவெற்றர்க் கை முழங்கை மட்டும் ஈரம். காலில புல்லு ஒட்டியிருக்கும். நான் கட்டில விட்டு எழும்பவே இல்லை. பாதர் வந்து மந்திரிச்ச பிறகும் அப்பிடித்தான். நீர் பயந்து போவீர் எண்டு சொல்லாம இருந்தனான். எனக்கு இரவில கண்ணை மூடப் பயமா இருக்குது."

ஒரு கிழமையாக இந்த மனிசன் ஈரக் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு, தனியாகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறார். பக்கத்தில் நான் பேய் வேண்டும் என்று மன்றாடிவிட்டுக் குறட்டை விட்டிருக்கிறேன். ஓம், கிழவர்தான், இன்னொரு தரம் பாதரைக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அந்தச் சொல் என் வாயில் ஆயத்தமாக இருந்தது. விருந்து வீடுகளில் எடுத்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்திருக்கலாம்.

அவர் கையைப் பிடித்தேன். ரேகைகளில் இன்னும் கறுப்பு. ஒலிவின் பச்சை மணம்.

"பேய் இல்லையப்பா" என்றேன். "நீங்கள்தான்."

இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் அழத் தொடங்கினேன். அவர் அழவில்லை.

"நான் ஒரு நாளும் விடேல்லையோ?"

"ஒரு நாளும் விடேல்லை. ஒரு காயும் பழுதாகேல்ல."

தலையை ஆட்டினார். அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்ததை நான் கண்டேன். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை என்னைத் தெரிந்த பார்வை, முழுதாக.

"நீர் எப்ப அறிஞ்சனீர்? இண்டைக்கோ?"

இன்றைக்கு என்று சொன்னால் முடிந்திருக்கும். அலுமாரிக்குள் இருந்த பால் போத்தல், கார் நின்ற தெரு, நான் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்த சொற்கள் எல்லாம் வரிசையாக என் முன்னால் வந்து நின்றன.

"போன வருசம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"எனக்கும் சொல்லியிருக்கலாமே" என்றார்.